தண்ணீரை மாற்றியவர்கள்

2003 ஆவணியில் நாங்கள் வாழும் பிரைபேர்க் நகரத்தில் வெப்பம் 40.2 பாகையைத் தொட்டது. ஜேர்மனியில் அதுவரை பதிவான வெப்பங்களில் உச்சம் அது. அந்தக் கிழமை எங்கள் வீட்டு யன்னலோரம் இருந்த கண்ணாடித் தொட்டியில் இரண்டு நியூட்டுகள் செத்து மிதந்தன. மகளுக்கு அப்போது எட்டு வயது. "அப்பா, நான் சாப்பாடு ஒழுங்காத்தானே போட்டனான்?" என்று கேட்டாள். அழவில்லை. கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. ஒரு சமையற்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நகர நூலகத்தில் அகராதியோடு உட்காரத் தொடங்கியவன், இருநூற்றைம்பது ஆண்டுப் பழைய ஒரு கதைக்குள் இறங்கிவிட்டேன். அந்தக் கதையின் முக்கியமான இரண்டு பக்கங்கள் நான் தினமும் பஸ் ஏறும் இந்த ஊரிலேயே எழுதப்பட்டவை.

முதலில் இந்தப் பிராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மொழியில் இதற்குப் பழகிய பெயர் இல்லை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இந்த இனமே கிடையாது. இந்தியாவில் இதைக் காண வேண்டுமானால் டார்ஜிலிங் பக்கம், கிழக்கு இமயமலைச் சரிவுகளுக்குப் போக வேண்டும். ஆங்கிலத்தில் நியூட், ஜேர்மன் மொழியில் மொல்ஹ். பார்வைக்குப் பல்லி. ஆனால் பல்லிக்குச் செதில் உண்டு, இதற்கு இல்லை. இது தவளைக்குச் சொந்தம், ஈரூடகவாழி. எங்களிடம் இருந்தவை சீனத்து நெருப்பு வயிற்று நியூட்டுகள். ஒரு விரல் நீளம், கரிய முதுகு, செம்மஞ்சள் வயிறு. யாழ்ப்பாணத்திலிருந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, "பல்லியைத் தண்ணிக்குள்ள விட்டு வளக்கிறியளோ? விழுந்தா எந்தப் பக்கத்துக்குப் பலன் பாக்கிறது?" என்று சிரித்தார்.

நியூட்டின் உடம்பில் முதலில் அறிய வேண்டியது அதன் தோல். அது தோலாலும் மூச்சு விடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் எதுவும் அதன் வழியே உள்ளே போகும். ஒட்சிசனும் போகும், நஞ்சும் போகும். மீனுக்குச் செதிலும் சளிப்படையும் தருகிற காவல் இதற்கு இல்லை. ஆகவே நியூட் வளர்ப்பது என்றால் தண்ணீரை வளர்ப்பது. இதை நான் பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். எனக்கு முன்னே பலர் பிந்தித்தான் விளங்கிக்கொண்டார்கள்.

1768 இல் இத்தாலியப் பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான ஸ்பலன்சானி ஒரு சிறு நூலை வெளியிட்டார். நியூட்டின் காலை வெட்டினால் கால் மீண்டும் முளைக்கிறது, வாலை வெட்டினால் வால் முளைக்கிறது என்று அதில் அறிவித்தார். பல்லிக்கு வால் முளைப்பது ஊரறிந்த விடயம். எலும்பும் விரலுமாக ஒரு முழுக் கால் முளைப்பது வேறு. ஐரோப்பா முழுவதும் இதைத் தாங்களும் செய்து பார்க்க ஆட்கள் புறப்பட்டார்கள். அப்போது கண்ணாடித் தொட்டி வளர்ப்பு என்றொரு கலையே இருக்கவில்லை. சாடியிலும் சட்டியிலும் நியூட்டை வைத்து, தண்ணீர் நாறினால் மாற்றினார்கள். கால் முளைக்கக் கிழமைகள், மாதங்கள் வேண்டும். அதுவரை பிராணி உயிரோடு இருந்தால்தான் பரிசோதனை. கத்தியைப் பிடிக்கத் தெரிந்தால் போதாது.

தண்ணீர் ஏன் நாறாமல் இருக்க வேண்டும், எப்படி நாறாமல் வைத்திருக்கலாம் என்பதை முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் லண்டன் இரசாயனவியலாளர் றொபேட் வாரிங்டன். 1849 இல் அவர் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வலிசுனேரியா என்னும் நீர்ச்செடியையும் வைத்தார். செடி ஒட்சிசன் தரும், மீன் அதைச் சுவாசிக்கும், சரியாகிவிடும் என்பது கணக்கு. சில காலத்தில் அழுகிய இலைகளால் தண்ணீர் கெட்டது. அவர் குளத்து நத்தைகளை இட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. அடுத்த ஆண்டு அதை இரசாயனச் சங்கத்தின் இதழில் எழுதினார். 1856 இல் ரொஸ்மெஸ்லர் என்ற ஜேர்மன் இயற்கை ஆய்வாளர், ஒரு குடும்பச் சஞ்சிகையில் 'கண்ணாடிக்குள் ஏரி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் பிறகே இந்நாட்டு வரவேற்பறைகளில் தொட்டிகள் வந்தன. 1848 புரட்சிக் காலத்தில் பாராளுமன்றத்தில் இருந்து, அதனாலேயே பேராசிரியர் பதவியை இழந்தவர் அவர். வேலை போனவர் சாதாரண சனங்களுக்கு இயற்கையைச் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டார்.

இருந்தாலும் வாரிங்டனின் கணக்கில் ஒரு பெரிய உறுப்பினர் விடுபட்டிருந்தார். நியூட்டின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் அமோனியா வருகிறது. அது தோலைச் சுட்டெரிக்கும் நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சுதான். இன்னொருவகை அதை நைத்திரேற்றாக்குகிறது. அதைக் கொஞ்சம் தாங்கலாம். இந்த மாற்றம் இரண்டு படிகளாக, வெவ்வேறு உயிர்களால் நடக்கிறது என்று காட்டியவர், இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை செய்த இன்னொரு றொபேட் வாரிங்டன். முன்னவரின் மகன். தகப்பன் தொட்டியைச் செய்தார். தொட்டி ஏன் உயிர் வாழ்கிறது என்பதற்கான விடையை மகன் வயல்மண்ணில் கண்டார். அந்தப் பற்றீரியாக்களைத் தனியே பிரித்தெடுத்தவர் 1890 இல் வினோகிராட்ஸ்கி.

இதை வாசித்த அன்று எனக்கு என் பிழை விளங்கியது. வெயில் மட்டும் எங்கள் நியூட்டுகளைக் கொல்லவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் தண்ணீர் முழுவதையும் ஊற்றிவிட்டு, வடிகட்டியின் பஞ்சைக் குழாயின் கீழே பிடித்து வெள்ளையாகும்வரை கழுவுவேன். சுத்தம் என்று நினைத்துச் செய்தது. அந்தப் பஞ்சில்தான் பற்றீரியாக்கள் குடியிருந்தன. கிழமைக்கொரு முறை குடியைக் கலைத்துவிட்டு, புதிதாகக் குடியேறு என்று விட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றில் நுளம்புக் குடம்பிகளைத் தின்ன மீன் விட்டிருந்தோம். ஆண்டுக்கொரு முறை கிணற்றைக் கலக்கி இறைப்பார்கள். "மீனைப் பிடிச்சுப் பழைய தண்ணியிலதானே அண்டாவுக்க விட்டு வைக்கிறனாங்கள். இறைச்ச உடன திருப்பி விடேலாது. ஊத்துத் தண்ணி ஊறித் தெளிய வேணும். நீ பாத்துக்கொண்டுதானே நிண்டனீ?" என்றார். நின்றேன்தான். பார்த்ததாக ஞாபகமில்லை.

இனி இந்த ஊர்க் கதை. 1864 இல் மெக்சிக்கோவிலிருந்து பாரிஸ் நகரத்துக்கு 34 அக்சலோட்டில்கள் வந்தன. நியூட்டின் தூரத்து உறவு அது; வெளியே விரிந்த செவுள்களோடு வாழ்நாள் முழுவதும் தண்ணீரிலேயே இருப்பது. அவற்றில் ஆறு டுமேரில் என்ற பேராசிரியரிடம் போயின. அவை முட்டையிட்டன. குஞ்சுகளில் சில திடீரெனச் செவுள்களை இழந்து தரைவாழ் சலமாந்தர்களாக மாறின. ஏன் மாறின என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த ஔகுஸ்ட் வைஸ்மான் அந்த மாற்றத்தைத் தானே வரவழைக்கப் பார்த்தார், முடியவில்லை. பிராணிகளுக்குத் தேவையான இடைவிடாத கவனிப்பு தன்னிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

பொறுப்பை ஏற்றவர் மரீ ஃபொன் ஷோவேன். பேராசிரியை அல்ல, அந்நாளில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவே திறக்காது. 1874 ஆனி மாதம் எட்டு நாள் வயதான ஐந்து குடம்பிகளுடன் அவர் தொடங்கினார். பன்னிரண்டில் எஞ்சியவை அவை. எந்தத் தண்ணீர், என்ன வெப்பம், என்ன உணவு என்று ஒவ்வொன்றாகக் கவனித்து வளர்த்தார். பின்னர் ஆழம் குறைந்த தண்ணீரில் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அவற்றைத் தரைக்குப் பழக்கினார். செவுள்கள் சுருங்கின, தோல் மாறியது, அவை ஈரப்பாசிமேல் நடந்தன. வைஸ்மான் எழுதிய கட்டுரைக்குள் ஷோவேனின் குறிப்புகள் அவருடைய பெயரோடேயே இடம்பெற்றன. கூர்ப்புப் பற்றிய பெரிய விவாதம் ஒன்றுக்குச் சாட்சியாக நின்றது, ஒரு பெண் பொறுமையாகத் தண்ணீர் குறைத்த ஒரு கண்ணாடிக் கலம்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, அதே ஊரில் இரண்டாவது பெண். ஹில்ட மாங்கோல்ட், பேராசிரியர் ஹான்ஸ் ஸ்பேமானின் ஆராய்ச்சி மாணவி. அவருக்குக் கிடைத்த வேலை இது: வெளிறிய நிற முட்டையிடும் கொண்டை நியூட்டின் முளையத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, கருநிற முட்டையிடும் சாதாரண நியூட்டின் முளையத்தில் ஒட்ட வேண்டும். முளையத்தின் குறுக்களவு ஓரிரு மில்லிமீற்றர். கருவிகள், கையால் இழுத்த கண்ணாடி ஊசியும் குழந்தையின் மெல்லிய முடியால் செய்த ஒரு வளையமும். முட்டைகள் இளவேனிலில் மட்டும் கிடைக்கும். 1921, 1922 ஆகிய இரண்டு இளவேனில்களிலும் அவர் நூற்றுக்கணக்கில் இதைச் செய்தார்.

பெரும்பாலானவை செத்தன. முட்டையின் பசைப்படையை உரித்ததும் முளையம் காவலற்றுப்போகும். தண்ணீரில் இருக்கும் பற்றீரியாவும் பங்கசும் அதைத் தின்றுவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத காலம் அது. 1924 இல் வெளிவந்த கட்டுரை விரிவாக விவரிப்பது ஆறு முளையங்களை மட்டுமே. ஆனால் அந்த ஆறு போதுமாக இருந்தன. ஒட்டிய இடத்தில் இரண்டாவது ஒரு நியூட், இரட்டைப் பிள்ளைபோல வயிற்றோடு ஒட்டியபடி உருவாகியிருந்தது. அதன் உடம்பில் பெரும்பகுதி கருநிறம். அதாவது, வந்த துணுக்கு தானாக மட்டும் வளரவில்லை. சுற்றியிருந்த உயிரணுக்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று கட்டளையும் கொடுத்திருக்கிறது. உடம்பு எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு அந்த நூற்றாண்டில் கிடைத்த பெரிய விடைகளில் ஒன்று அது. கட்டுரையில் ஸ்பேமானின் பெயர் முதலில், அவர் பெயர் இரண்டாவது. அதே ஆண்டு புரட்டாதியில் வீட்டு அடுப்பு வெடித்துத் தீப்பற்றியதில் ஹில்ட மாங்கோல்ட் இறந்தார். வயது 25. கைக்குழந்தை ஒன்று இருந்தது. 1935 இல் நோபல் பரிசு ஸ்பேமானுக்குக் கிடைத்தது.

அந்த ஆய்வுகூடத்தில் அதே காலத்தில் படித்த இன்னொரு மாணவர் யொஹானஸ் ஹோல்ட்ஃபிரேட்டர். முளையங்கள் செத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர். 1931 இல் அவர் தீர்வொன்றை வெளியிட்டார். அது மருந்தல்ல, உப்புத்தண்ணீர். ஒரு லீற்றருக்கு 3.5 கிராம் கறியுப்பு, 0.05 கிராம் பொற்றாசியம் குளோரைட்டு, 0.1 கிராம் கல்சியம் குளோரைட்டு, 0.2 கிராம் அப்பச்சோடா. நியூட்டின் உடம்புக்குள் இருக்கும் நீரோடு ஓரளவு ஒத்துப்போகும் ஒரு கலவை. அதோடு எல்லாவற்றையும் கிருமி நீக்கிச் சுத்தமாக வைத்தால் முளையங்கள் பிழைத்தன. அக்சலோட்டில் வளர்க்கும் ஆய்வுகூடங்கள் இன்றும் அந்தக் கரைசலை நீர்த்து ஊற்றுகின்றன.

ஹோல்ட்ஃபிரேட்டர் நாசிகளோடு ஒத்துப்போகவில்லை. 1939 இல் இங்கிலாந்துக்குப் போனார். போர் வந்ததும் அங்கே அவர் எதிரி நாட்டவர். கப்பலேற்றிக் கனடாவில் ஒரு முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்து மொன்றியலில் வேலை செய்து, 1946 இல் அமெரிக்காவின் றொச்செஸ்ரரில் நிலைத்தார். பத்திரமும் பாயும் இல்லாமல் முகாமில் இருந்தவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் உண்டு. முளையத்துக்கு எந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தவருக்கும் அந்தச் சீவியம்தான் வாய்த்தது.

இனி 2004 க்கு வருகிறேன். மகள் மீண்டும் நியூட் கேட்டாள். நான் ஒரு நிபந்தனை வைத்தேன்: முதலில் தண்ணீர். 60 லீற்றர்த் தொட்டியில் செடியும் வடிகட்டியும் வைத்து, பிராணி எதுவும் இல்லாமல் ஆறு கிழமை ஓட விட்டோம். நாள் விட்டு நாள் ஒரு சிமிட்டு மீனுணவு போட்டோம், பற்றீரியாவுக்குத் தீனியாக. பரிசோதனைக் குழாயில் அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி, பிறகு இறங்கிப் பூச்சியமானதை அவள் கொப்பியில் கோடு கீறி வைத்தாள். அதன் பிறகே ஒரு வளர்ப்பாளரிடம் சோடியொன்று வாங்கினோம். காட்டில் பிடித்தவை அல்ல, தொட்டியில் பிறந்தவை.

அன்றுமுதல் எங்கள் வீட்டுச் சட்டம் இது. வெப்பம் 16 முதல் 20 பாகைக்குள். கோடையில் தொட்டி கெல்லருக்கு இறங்கும். குளிர்ந்த தண்ணீரில்தான் ஒட்சிசன் கூடுதலாகக் கரையும். கிழமைக்கு நாலில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் மாற்றுவது. புதுத் தண்ணீரும் அதே வெப்பத்தில் இருக்க வேண்டும். குளோரீன் கலக்கும் ஊரில் இருப்பவர்கள் அதை நீக்காமல் ஊற்றக்கூடாது. செப்புக் குழாயில் இரவு முழுக்கத் தேங்கி நின்ற தண்ணீரைக் கொஞ்சம் ஓட விட்டே பிடிக்க வேண்டும். செப்பு இவற்றுக்கு ஆகாது. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசினால் போதும். வடிகட்டியின் நீரோட்டம் மெதுவாக இருக்க வேண்டும். இவை குளத்துப் பிராணிகள், ஆற்றுப் பிராணிகள் அல்ல. ஏறி இருக்க ஒரு தக்கைத் துண்டு. இடைவெளி இல்லாத மூடி. கண்ணாடியில் ஏறுவதில் இவை பல்லிக்குக் குறைந்தவை அல்ல. கிழமைக்கு இரண்டு மூன்று தரம் நறுக்கிய மண்புழு. மிச்சத்தை உடனே எடுத்துவிடுவது. தொட்டால் கை கழுவுவது. இவற்றின் தோலிலும் நஞ்சுண்டு.

கவனித்தால் இவை எவ்வளவு காலம் இருக்கும் என்பதற்கு யப்பானில் ஒரு சாட்சி உண்டு. எகுச்சி கோரோ என்ற உயிரியலாளரும் கூட்டாளிகளும் யப்பானிய நியூட்டுகளின் கண்வில்லையை எடுத்து, அது மீண்டும் முளைக்க, மீண்டும் எடுத்து, 16 ஆண்டுகளில் 18 தரம் செய்தார்கள். 2011 இல் முடிவு வெளிவந்தபோது அந்த நியூட்டுகளுக்கு வயது குறைந்தது 30 என்று கணக்கிட்டார்கள். கடைசியாக முளைத்த வில்லையும் இளம் நியூட்டின் வில்லைபோலவே இருந்தது. எல்லோரும் வில்லையைப் பற்றிப் பேசினார்கள். நான் அந்தப் பதினாறு ஆண்டும் தண்ணீர் மாற்றிய கைகளை நினைத்தேன்.

இந்தக் கதைக்கு இருண்ட பக்கமும் உண்டு. 2010 அளவில் நெதர்லாந்தின் தெற்கில் ஒரு காட்டில் மஞ்சள் புள்ளி போட்ட நெருப்புச் சலமாந்தர்கள் மறையத் தொடங்கின. 2013 இல் காரணம் தெரிந்தது: தோலைத் துளைத்துத் தின்னும் ஒரு புதிய பங்கசு. ஆசிய நியூட்டுகளில் சில அதைச் சுமந்தும் சாகாமல் இருக்கும். ஐரோப்பியச் சலமாந்தர்கள் சில நாட்களில் செத்துவிடும். வளர்ப்புப் பிராணி வியாபாரத்தோடு அது வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு. பிறகு பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் கண்டார்கள். எங்கள் ஆட்கள் நிறைய வாழும் எஸ்ஸன் பக்கத்துக் காடுகளிலும் சலமாந்தர்கள் செத்தன. 2016 இல் அமெரிக்கா 201 இனங்களின் இறக்குமதியை நிறுத்தியது; அடுத்த ஆண்டு கனடா சலமாந்தர் இனம் முழுவதற்கும் தடை போட்டது. 10 முதல் 15 பாகை வரையான குளிரில் அந்தப் பங்கசு செழிக்கும். நியூட்டுக்கு நல்லதென்று நாங்கள் காக்கும் குளிர்ச்சி அதற்கும் நல்லதாகவே இருக்கிறது.

பிரைபேர்க்கின் பழைய தெருக்களில் சிறு வாய்க்கால்கள் ஓடுகின்றன. கோடையில் பிள்ளைகள் அவற்றில் கப்பல் விடுவார்கள். மகள் சிறுமியாக இருந்தபோது தொட்டியின் பழைய தண்ணீரை வாளியோடு கொண்டுபோய் அதில் ஊற்றப் பார்த்தாள், "ஆத்துக்குப் போகட்டும் அப்பா" என்று. அன்றைக்கு நான் மறித்தது, தெருவில் ஈரம் படும், ஆட்கள் ஏசுவார்கள் என்ற பயத்தில். உண்மையான காரணத்தை அறியப் பத்து ஆண்டுகள் சென்றன. கறுப்புக் காட்டின் ஓடைகளில் நெருப்புச் சலமாந்தர்கள் இன்னும் குட்டி போடுகின்றன. தொட்டிக்குள் போகும் தண்ணீரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டவன் நான். வெளியே போகும் தண்ணீருக்கும் நான்தான் பொறுப்பு. தொட்டித் தண்ணீரை ஓடையிலோ குளத்திலோ தோட்டத்திலோ ஊற்றக்கூடாது. வளர்க்க முடியாமல் போனாலும் பிராணியைக் காட்டில் விடக்கூடாது. புதிதாக வந்ததைச் சில கிழமை வேறு தொட்டியில் தனியே வைக்க வேண்டும். காட்டுக்குப் போட்டுப்போன சப்பாத்தைக் கழுவாமல் தொட்டிப் பக்கம் போகக்கூடாது.

மகள் இப்போது வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். அம்மா இல்லை. 2004 இல் வாங்கிய சோடியில் ஆண் போய்விட்டது. பெண் இன்னும் இருக்கிறது. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கும்போது முதலில் என் சுகம் கேட்பதில்லை. "தண்ணி மாத்தினீங்களா?" என்றுதான் கேட்பாள். நேற்றே மாற்றினேன் என்பேன். பதினைந்து லீற்றர், பதினெட்டுப் பாகை. எட்டு வயதில் அவள் கேட்ட கேள்விக்கு நான் சொல்லத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.